மீன் வாடையும் மூன்று கிராம் கார்னிட்டினும்: ஒரு பி.சி.ஓ.எஸ். நிகழ்வு ஆய்வு

சென்னையின் தென்பகுதியில் பி.சி.ஓ.எஸ்.ஸோடு (மாதவிலக்கையும் முட்டை வெளியேறுவதையும் குலைக்கும் ஹார்மோன் கோளாறு, பேச்சுவழக்கில் 'நீர்க்கட்டி') குழந்தையின்மைக்காக வரும் பெண்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பயிற்சிக்காகத் தொகுத்த நிகழ்வு இது. எந்தத் தனிநபருடையதும் அல்ல. ஆய்வு முடிவுகளும் மருந்தளவுகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

வந்தவர்

வயது 29. வீடு மேடவாக்கம், வேலை சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில். திருமணமாகி இரண்டரை ஆண்டு. 14 மாதமாகக் குழந்தைக்கு முயற்சி. மாதவிலக்கு 45 நாளிலிருந்து 70 நாள் வரை தள்ளிப்போகிறது. உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ, பி.எம்.ஐ. 30.4, வயிற்றுச் சுற்றளவு 94 செ.மீ. முகவாயிலும் அடிவயிற்றிலும் முடி, கழுத்தின் பின்புறம் கருத்துத் தடித்த தோல். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் சுத்த சைவம், முட்டைகூட இல்லை.

"நீர்க்கட்டி கரையவே மாட்டேங்குது டாக்டர்" என்பதுதான் முதல் வாக்கியம். கரைய வேண்டிய கட்டி எதுவும் சினைப்பையில் இல்லை. ஸ்கேனில் கறுப்பு முத்துகளாகத் தெரிபவை வளர்ச்சி பாதியில் நின்றுபோன சினைக்குமிழ்கள். 'நீர்க்கட்டி' என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கட்டி என்று சொன்ன பிறகு அதைக் கரைக்க ஏதாவது விழுங்கத்தானே தோன்றும்?

கிளம்பும்போது கதவருகே நின்று, குரலைத் தாழ்த்தி, இன்னொன்றையும் சொன்னார். மூன்று வாரமாக உடம்பில் மீன் வாடை. அலுவலக வண்டியில் ஏ.சி. ஓடும்போதே பக்கத்து இருக்கைக்காரர் கண்ணாடியை இறக்குகிறார். மாமியார் ஒருநாள் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "தெருவுல மீன்காரி போறாளாம்மா?" என்று கேட்டாராம். இரண்டு வேளைக் குளியல், மஞ்சள், வாசனைத் தூள் எதற்கும் மசியவில்லை. வியர்வையில், மூச்சில், சிறுநீரில் எல்லாம் அதே வாடை.

நோயறிதலுக்குப் பாதி வழியை அந்தக் கடைசி வாக்கியமே காட்டிவிட்டது. "வீட்டுல சாப்பிடுற மாத்திரை, பொடி, டானிக் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்கம்மா, பெயரை எழுதிட்டு வர வேண்டாம், டப்பாவையே கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்பப்பட்டார்.

பையிலிருந்து வெளியே வந்தவை

சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மெட்ஃபார்மின் 500 மி.கி. அட்டை, எட்டு மாத்திரை எடுத்ததோடு நிற்கிறது. பி.சி.ஓ.எஸ்.ஸுக்கென்று விற்கும் துணைப்பொருளான மயோ இனோசிட்டால் பொட்டலம். உடற்பயிற்சிக் கூடத்தில் வாங்கிய கார்னிட்டின் (கொழுப்பை எரிக்க உதவும், உடலே செய்துகொள்ளும் பொருள்) திரவம், பாட்டிலின் மேல் 'கொழுப்பைக் கரைக்கும்' என்ற வாசகம். 'கருவுறுதலுக்கான' கூட்டு மாத்திரை. 'ஆக்சிஜனேற்றத் தடுப்பி' என்ற பெயரில் இன்னொரு மாத்திரை. முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்ற விட்டமின் 10 மி.கி. உறவினர் கொடுத்த கழற்சிக்காய்ச் சூரணம். மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு.

இங்கே டப்பாவைத் திருப்பிப் பின்பக்கச் சிற்றெழுத்தைப் படிப்பதுதான் வேலை. அவர் கார்னிட்டின் சாப்பிடுவதாக நினைத்திருந்தது திரவத்தை மட்டும். உண்மையில் மூன்று டப்பாவில் அது இருந்தது.

திரவம்: ஒரு வேளைக்கு எல்-கார்னிட்டின் எல்-டார்ட்ரேட் 1,500 மி.கி., நாளைக்கு இரண்டு வேளை. கூட்டு மாத்திரை: அதே டார்ட்ரேட் உப்பு 500 மி.கி., நாளைக்கு இரண்டு. மூன்றாவது: அசெட்டில் கார்னிட்டின் 500 மி.கி., நாளைக்கு ஒன்று. அட்டைக் கணக்கில் மொத்தம் 4,500 மி.கி. ஆனால் டார்ட்ரேட் உப்பின் எடையில் 68 சதவீதம்தான் கார்னிட்டின். மீதி டார்டாரிக் அமிலம். அசெட்டில் வடிவத்தில் சுமார் 79 சதவீதம். அப்படிப் பார்த்தால் 2,046, 682, 397. கூட்டினால் 3,125 மி.கி. அதாவது, பி.சி.ஓ.எஸ். ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட உச்ச அளவான 3 கிராமைத் தாண்டியே, யாரும் சொல்லாமல், யாரும் கவனிக்காமல் அவர் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

உப்பு எது, அடிப்படைப் பொருள் எது என்ற இந்தக் கணக்கைப் போடாமல் 'ஒரு கிராம் சாப்பிடுங்கள்' என்று எழுதித் தருவதில் பொருளே இல்லை. மருந்துக் கடையில் 'லெவோகார்னிட்டின் 500' என்று கிடைக்கும் மாத்திரையும், கூடத்தில் விற்கும் 'டார்ட்ரேட் 500' என்பதும் ஒன்றல்ல. சில டப்பாக்களில் இது உப்பின் எடையா, கார்னிட்டினின் எடையா என்ற விவரமே இருக்காது. அவற்றை ஒதுக்கிவிடுவதே நல்லது.

வாடை எங்கிருந்து

மாத்திரையாக விழுங்கும் கார்னிட்டினில் சுமார் 14 முதல் 18 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். உணவில் இருப்பது இதைவிடப் பல மடங்கு நன்றாக உறிஞ்சப்படும். அளவு கூடக்கூட உறிஞ்சும் விகிதம் விழும். 3.1 கிராம் சாப்பிட்டால் இரண்டரை கிராமுக்கு மேல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்து டிரைமெத்திலமின் ஆக்குகின்றன. அழுகிய மீனின் நாற்றம் இதே வாயுதான். கல்லீரலில் எஃப்.எம்.ஓ.3 என்ற நொதி இதை வாடையற்ற டி.எம்.ஏ.ஓ.வாக மாற்றுகிறது. வரத்து அந்த நொதியின் கொள்ளளவை மீறும்போது மிச்சம் வியர்வையிலும் மூச்சிலும் வெளியேறுகிறது. ஆகவே சோப்பை மாற்றிப் பயனில்லை.

அவருக்கு ஒரு சந்தேகம்: முதல் பாட்டில் முழுக்கக் குடித்தபோது வாடை இல்லையே? அதற்கும் விடை உண்டு. சைவர்களின் குடலில் கார்னிட்டினை இப்படி உடைக்கும் நுண்ணுயிர்கள் ஆரம்பத்தில் குறைவு என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தொடர்ந்து தீனி போட்டால் அந்தத் திறன் கூடிவிடுகிறது. மாதக்கணக்கில் சாப்பிட்ட பிறகு சைவர், அசைவர் இருவரிடமும் டி.எம்.ஏ.ஓ. உயர்வது பின்னர் வந்த ஆய்வில் தெரிந்தது. இரண்டாவது பாட்டிலில் வாடை தொடங்கியது அதனால்தான். இதே டி.எம்.ஏ.ஓ. இதயநோய் அபாயத்தோடு தொடர்புடையது என்பதால், 'எவ்வளவு நாள் வேண்டுமானாலும் சாப்பிடலாம், இயற்கைப் பொருள்தானே' என்ற சமாதானத்தை ஏற்க முடியாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது உடம்பில் தேங்கவும் செய்யும்.

மூன்று டப்பாவும் நிறுத்தப்பட்டன. பத்தாம் நாள் வாடை போய்விட்டது.

பழைய அறிக்கைகள் ஏன் மறுபடி எடுக்கப்பட்டன

அவர் கொண்டுவந்த கோப்பில் டி.எஸ்.எச். (தைராய்டு மந்தமானால் ஏறும் ஹார்மோன்) 1.1, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மொத்தம் 118 நானோகிராம்/டெசிலிட்டர். முகத்தில் முடி இருந்தாலும் 118 என்பது அவருடைய தோற்றத்துக்குச் சற்று மிகை; தைராய்டு இவ்வளவு ஒழுங்காக இருப்பவருக்குக் காலை எழும்போது முகம் வீங்குவதும் மலச்சிக்கலும் ஏன்? பயோட்டின் 10 மி.கி.யை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பார்க்க வேண்டும். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பை வைத்தே ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், டெஸ்டோஸ்டிரோன், எஸ்டிராடியால் போன்றவை பொய்யாகக் கூடும். ஒரே மாத்திரை இரண்டு திசையிலும் ஏமாற்றும்.

ஐந்து நாள் பயோட்டினை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தபோது டி.எஸ்.எச். 5.4, டெஸ்டோஸ்டிரோன் 71. டி.பி.ஓ. எதிர்ப்பொருள் பாசிட்டிவ், அதாவது உடம்பே தைராய்டைத் தாக்குகிறது. மற்றவை: வேறு ஹார்மோன் கோளாறுகளை விலக்கக் காலை 8 மணிக்கு எடுத்த 17-ஓ.எச். புரோஜெஸ்டிரோன் இயல்பு, புரோலாக்டின் இயல்பு. 75 கிராம் குளுக்கோஸ் சோதனையில் வெறும் வயிற்றில் 98, இரண்டு மணி நேரத்தில் 152. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறார். பி12 168 பிகோகிராம், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11; இரண்டும் குறைவு. ஸ்கேனில் வலது சினைப்பை 12 மி.லி., இடது 11 மி.லி., ஒவ்வொன்றிலும் இருபதுக்கு மேல் குமிழ்கள். பி.சி.ஓ.எஸ்.ஸை உறுதிசெய்யும் 2003 ராட்டர்டாம் அளவுகோலில் ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகை, ஸ்கேனில் இத்தகைய சினைப்பை என்ற மூன்றில் இரண்டு இருந்தால் போதும். இவருக்கு மூன்றும் இருந்தன. இன்சுலின் அளவு எடுக்கவில்லை. அன்றாடச் சிகிச்சையில் அதை எடுக்கத் தேவையில்லை என்றே 2023 சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது. குளுக்கோஸ் சோதனைதான் முடிவைத் தரும்.

கோப்பில் 'குளோமிஃபீன் பலனளிக்கவில்லை' என்று ஒரு வரி; முட்டையை வளர்க்கும் மாத்திரை அது. தோண்டிக் கேட்டால், 50 மி.கி. இரண்டு சுழற்சி மட்டும். ஸ்கேன் எதுவும் பார்க்கவில்லை. 'முட்டை வெடிக்கல' என்று முடிவுகட்டியது முட்டை வெளியேறிய பின் ஏறும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை 21ஆம் நாள் அளந்ததை வைத்து. 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்குத்தான் 21ஆம் நாள் பொருந்தும். 45 நாள் சுழற்சியில் முட்டை 31ஆம் நாள் வாக்கில் வெளியேறலாம்; 21ஆம் நாளில் குறைவாக இருப்பதில் வியப்பில்லை. எதிர்பார்க்கும் மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டிய சோதனை அது. 150 மி.கி. வரை உயர்த்தியும் முட்டை வெளிவராவிட்டால்தான் 'குளோமிஃபீன் எதிர்ப்பு' என்று எழுதலாம். முட்டை வந்தும் கரு தங்காதது வேறு விஷயம். இந்தப் பாகுபாடு இங்கே ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

கணவரின் விந்துப் பரிசோதனை? செய்யவில்லை. பதினான்கு மாதமாக மனைவி கைப்பிடி மாத்திரை விழுங்குகிறார்; இவர் ஒரு குப்பியில் மாதிரி கொடுக்கவில்லை. இந்த ஊரில் இது புதிதல்ல.

கார்னிட்டினுக்கு ஆதரவாக உள்ள சான்று

1905இல் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள். இறைச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர். நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாண்டிக் கொண்டுபோகும் ஓடம் என்று வைத்துக்கொள்ளலாம். லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களிலிருந்து கல்லீரலும் சிறுநீரகமும் தாமே செய்துகொள்கின்றன; அதற்கு விட்டமின் சி, பி6, நியாசின், இரும்பு தேவை. சைவர்களின் ரத்தத்தில் அளவு சற்றுக் குறைவுதான். ஆனாலும் அது குறைபாட்டு நோயாவதில்லை, ஏனெனில் சிறுநீரகம் வடிகட்டியதைக் கிட்டத்தட்ட முழுக்கத் திரும்ப எடுத்துவிடும். ஃபெரிட்டின் 11 உள்ள ஒருவர் கார்னிட்டின் பாட்டில் வாங்குவதற்கு முன் இரும்பைச் சரிசெய்துகொள்வதுதான் முறை.

'கொழுப்பைக் கரைக்கும்' வாதத்தின் ஓட்டை, ஓடங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் சரக்கு தானாகப் போகும் என்று நம்புவதில் இருக்கிறது. அக்கரையில் ஆற்றல் தேவைப்பட்டால்தான் சரக்கு நகரும். அதிலும், விழுங்கிய கார்னிட்டின் தசைக்குள் எளிதில் புகாது. 2011இல் நாட்டிங்ஹாம் குழு தசையில் அதை 21 சதவீதம் கூட்டிக் காட்டியது, எப்படி? 2 கிராம் டார்ட்ரேட்டோடு 80 கிராம் மாவுச்சத்தும் சேர்த்து, நாளைக்கு இரண்டு வேளை, 24 வாரம். இன்சுலினை எகிறவைத்தால்தான் உள்ளே தள்ள முடிந்தது. ஒவ்வொரு வேளையும் ஏழெட்டு இட்லிக்குச் சமமான மாவுச்சத்து. பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்கு நாம் எதை வேண்டாம் என்கிறோமோ அதுவே.

பி.சி.ஓ.எஸ்.ஸில் நேரடியாகச் செய்த சோதனைகளில் இரண்டைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2016இல் ஈரானிலிருந்து வந்தது: உடல் எடை கூடிய 60 பெண்கள், நாளைக்கு வெறும் 250 மி.கி., 12 வாரம். கார்னிட்டின் பிரிவில் சராசரி 2.7 கிலோ இறங்கியது, போலி மாத்திரைப் பிரிவில் மாற்றமில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இன்சுலினும் குறைந்தன. 2014இல் எகிப்திலிருந்து வந்தது: குளோமிஃபீன் எதிர்ப்பு உள்ள 170 பெண்கள், குளோமிஃபீன் 250 மி.கி. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, கூடவே கார்னிட்டின் 3 கிராம் அல்லது போலி மருந்து. முட்டை வெளியேறியது கார்னிட்டின் பிரிவில் 64.4 சதவீதம், போலி மருந்துப் பிரிவில் 17.4; கரு தங்கியது முறையே 51.5 சதவீதம், 5.8.

இந்தக் கடைசி எண்ணைப் படித்ததும் மகிழ்ச்சிக்கு முன்னால் சந்தேகம் வர வேண்டும். ஒப்பிட்டுப் பாருங்கள்: 2014இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் செய்த பெரிய சோதனையில், ஐந்து சுழற்சி வரை கொடுத்து, முட்டை வளர்க்கும் இன்னொரு மாத்திரையான லெட்ரோசோல் பிரிவில் 27.5 சதவீதத்தினருக்கும் குளோமிஃபீன் பிரிவில் 19.1 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. மருத்துவ உலகம் சிகிச்சையை மாற்றிக்கொண்டது அந்த எட்டு சதவீத வித்தியாசத்துக்காக. கடினமான நோயாளிகளிடம் ஒரு துணைப்பொருள் கருத்தரிப்பை ஒன்பது மடங்காக்கியது என்றால், அது பல நாடுகளில், பெரிய எண்ணிக்கையில், குழந்தைப் பிறப்பைக் கணக்கிட்டு மறுபடி நிரூபிக்கப்பட வேண்டும். அதுவரை 'நம்பிக்கை தரும் சிறு ஆய்வு' என்ற இடத்தில்தான் அது இருக்கும்.

இவருடைய நிலைமைக்கு அந்த ஆய்வு பொருந்தவும் இல்லை. இவர் குளோமிஃபீன் எதிர்ப்பு உள்ளவரே அல்ல, 50 மி.கி.யோடு நிறுத்தப்பட்டவர். லெட்ரோசோலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆக, முட்டை வளர்ப்பதற்காகக் கார்னிட்டின் தருவதற்கு இவரிடம் காரணமில்லை.

எடுத்த முடிவு, போட்ட வரிசை

தைராய்டும் சர்க்கரையும் ஒழுங்குக்கு வரும்வரை முட்டை வளர்க்கும் சிகிச்சையைத் தள்ளிவைப்பது. அந்த இடைவெளியில் ஒவ்வொரு மருந்தாக நுழைப்பது. வரிசைதான் இங்கே உயிர்நாடி. முன்பு நடந்தது என்ன? மெட்ஃபார்மினும் கார்னிட்டின் திரவமும் ஒரே வாரத்தில் தொடங்கியிருக்கிறார். இரண்டுமே குமட்டலும் பேதியும் தரக்கூடியவை. நாலாம் நாள் வயிறு கழிந்ததும் எதை நிறுத்தினார்? சான்று உள்ள மெட்ஃபார்மினை. வைத்துக்கொண்டது விளம்பரம் உள்ளதை. இரண்டையும் மூன்று வார இடைவெளியில் தொடங்கியிருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது.

முதல் வாரம்: தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் 50 மைக்ரோகிராம், காலை 5.30க்கு வெறும் வயிற்றில். டிகிரி காபி 6.30க்குத்தான். இதற்கு அவர் காட்டிய எதிர்ப்பு மெட்ஃபார்மினுக்குக்கூட இல்லை. இரும்பு மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. தைராக்சினுக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பி12, ஃபோலிக் அமிலம் அதனோடு. இனோசிட்டாலைத் தொடர்வதில் ஆட்சேபமில்லை. சூரணத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாததால் நிறுத்தப்பட்டது.

இரண்டாம் வாரம்: மெட்ஃபார்மின் 500 மி.கி., மெதுவாகக் கரையும் வகை, இரவுச் சாப்பாட்டின் நடுவில். வாரம் ஒரு மாத்திரை கூட்டி 1,500 மி.கி. இந்தத் தடவை வயிறு இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு அடங்கியது.

சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம் பேசி முடிவானது: இரவு பத்தரைக்கு நான்கு தோசை என்பது எட்டு மணிக்கு இரண்டு தோசை, கூடவே ஒரு கிண்ணம் சுண்டல். அலுவலகத்திலிருந்து வந்ததும் 40 நிமிட நடை, வாரம் ஐந்து நாள். மழை பெய்து மேடவாக்கம் சாலையில் தண்ணீர் நின்றால் வீட்டு மாடிப்படி.

ஆறாம் வாரம் அவரே கேட்டார்: "கார்னிட்டினை மொத்தமா விட்டுடணுமா டாக்டர்? எடை குறையுறதுக்காவது?" நேர்மையான பதில்: சிறு அளவில், சிறு ஆய்வில், சிறு பலன் தெரிந்திருக்கிறது, முயன்று பார்க்கலாம், ஆனால் கெடு வைத்து. லெவோகார்னிட்டின் 500 மி.கி. ஒரு மாத்திரை, காலைச் சிற்றுண்டியோடு, 12 வாரம். ஒரே டப்பா, ஒரே வடிவம். ஆய்வின் 250 மி.கி.யைவிட இது கூடுதல்தான். கடையில் எளிதில் கிடைக்கும் மாத்திரை அது, பாதியாக உடைக்கத் தோதில்லை.

தொடங்குவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்கப்பட்டன. வலிப்பு வந்ததுண்டா? கார்னிட்டின் வலிப்பைத் தூண்டலாம். சிறுநீரகக் கோளாறு? வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற ரத்த உறைவுத் தடுப்பிகள்? அவற்றின் வேகம் கூடி, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஏறும். தைராய்டு? இதற்கு விடை 'ஆம்'. தைராய்டு ஹார்மோன் செல்லின் உட்கருவுக்குள் நுழைவதைக் கார்னிட்டின் தடுக்கிறது. நாளைக்கு 2 முதல் 4 கிராம் வரை கொடுத்து மிகைத் தைராய்டின் படபடப்பைத் தணித்த சோதனையே உண்டு. குறைத் தைராய்டுக்காரர் மூன்று கிராம் குடித்துக்கொண்டிருந்தது எவ்வளவு தவறான பொருத்தம் என்பது இப்போது புரியும். 500 மி.கி.யில் அந்த அளவு பாதிப்பை எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் களைப்பு, முகவீக்கம், மலச்சிக்கல் திரும்பினால் டி.எஸ்.எச். எண் நன்றாக இருந்தாலும் கார்னிட்டினை நிறுத்துவது என்று குறித்துவைக்கப்பட்டது.

எதை அளப்பது என்பதும் எழுதப்பட்டது: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலையில் எடை, மாதம் ஒருமுறை வயிற்றுச் சுற்றளவு, 12ஆம் வாரம் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மாதவிலக்குத் தேதிகள். 'தெம்பா இருக்கு' என்பது பட்டியலில் இல்லை.

நடந்தது

கார்னிட்டின் தொடங்கிய நாளில் எடை 72.9. பன்னிரண்டு வாரத்தில் 70.8. சுற்றளவு 94லிருந்து 90. வெறும் வயிற்றுச் சர்க்கரை 93. வாடை இல்லை, பேதி இல்லை. டி.எஸ்.எச். 2.1. மாதவிலக்கு 38 நாள், 41 நாள் என்று நெருங்கி வந்தது.

பார்ப்பதற்கு வெற்றிதான். ஆனால் கார்னிட்டின் தொடங்கும் முன்பே, முதல் ஆறு வாரத்தில் 1.1 கிலோ இறங்கியிருந்தது; வாரத்துக்குச் சுமார் 180 கிராம். கார்னிட்டின் இருந்த பன்னிரண்டு வாரத்தில் 2.1 கிலோ, வாரத்துக்கு 175 கிராம். கோடு ஒரே சாய்வில் இறங்கியிருக்கிறது. மாத்திரையை நிறுத்திய அடுத்த நான்கு வாரத்தில் இன்னும் 600 கிராம். ஒரே ஆளிடம் செய்த கணக்கு எதையும் நிரூபிக்காது; கார்னிட்டின் இல்லாவிட்டால் வேகம் தணிந்திருக்கலாம் என்று வாதிடவும் இடமுண்டு. அவருக்கு வரைபடத்தைக் காட்டியதும், "அப்போ அந்தக் காசுக்கு நடைச் செருப்பு வாங்கியிருக்கலாம்" என்றார். மாத்திரை நீட்டிக்கப்படவில்லை.

கணவரின் அறிக்கை இதற்கிடையில் வந்தது. விந்தணு மில்லிலிட்டருக்கு 90 லட்சம், முன்னேறும் அசைவு 18 சதவீதம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கீழ்வரம்பு 160 லட்சமும் 30 சதவீதமும். மூன்று மாதம் கழித்து எடுத்த இரண்டாவது மாதிரியும் ஏறக்குறைய அதே. பரிசோதனையில் இடப்பக்கம் கையில் தட்டுப்படும் வெரிகோசீல் (விந்தகத்துக்கு மேலே வீங்கிய நரம்புக் கொத்து), யூராலஜி மருத்துவரிடம் அனுப்பப்பட்டார். மீந்திருந்த பாட்டிலை அவர் குடிக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது, எதிர்பார்த்ததுதான். விந்தகத்தை ஒட்டிய எபிடிடிமிஸில் கார்னிட்டின் செறிவாக இருப்பது உண்மை; அதை வைத்து ஆண்களுக்கு விற்பதும் உண்மை. ஆனால் ஒரு கிராம் கார்னிட்டினோடு துத்தநாகம், செலினியம், விட்டமின்கள் எல்லாம் சேர்த்துக் கொடுத்து 2020இல் வெளியான மோக்ஸி சோதனையில் விந்தணு எண்ணிக்கையோ அசைவோ மேம்படவில்லை. பாட்டில் குப்பைக்குப் போனது.

அடுத்தது லெட்ரோசோல். இந்தியாவில் குழந்தையின்மைக்கு இதைப் பயன்படுத்த 2011இல் தடை வந்து 2017இல் நீங்கியது. இன்னும் சிலர் அந்தப் பழைய பயத்தோடு வருவதால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கர்ப்பமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மாதவிலக்கின் மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள், 2.5 மி.கி. பன்னிரண்டாம் நாள் ஸ்கேனில் பெரிய குமிழ் 9 மி.மீ.; பதினைந்தாம் நாளும் 10தான். பலனில்லை. அடுத்த சுழற்சியில் 5 மி.கி.: பன்னிரண்டாம் நாள் 14 மி.மீ., பதினைந்தாம் நாள் 19, கருப்பை உட்சவ்வு 8.5. முட்டையை வெளியேறத் தூண்டும் எச்.சி.ஜி. ஊசி, ஏழு நாள் கழித்து புரோஜெஸ்டிரோன் 11.4. 3க்கு மேல் இருந்தாலே முட்டை வெளியேறியதற்கு அடையாளம். கார்னிட்டின் ஒரு மில்லிகிராம்கூட உடம்புக்குள் போகாத சுழற்சி அது.

5 மி.கி.க்கும் அசையாமல் இருந்திருந்தால் 7.5; அதற்கும் இல்லையென்றால் முட்டையை வளர்க்கும் கொனடோடிராபின் ஊசியோ சினைப்பையில் லேப்ராஸ்கோப்பி துளையிடலோ பேசப்படும் கட்டத்தில், எகிப்திய ஆய்வைக் காட்டி, 'செலவும் அபாயமும் குறைந்த ஒரு முயற்சியாக' இரண்டு மூன்று சுழற்சிக்குக் கார்னிட்டினைச் சேர்ப்பது நியாயமாக இருந்திருக்கும். அப்போதும் 3 கிராமை ஒரே வேளையில் விழுங்கக் கூடாது: முதல் வாரம் 500 மி.கி. இரண்டு வேளை, அடுத்த வாரம் 500 மூன்று வேளை, வயிறு பொறுத்தால் ஒரு கிராம் மூன்று வேளை, எல்லாம் சாப்பாட்டோடு. நாளைக்கு 500 மி.கி. மாத்திரை ஆறு, மூன்று மாதத்துக்கு ஐந்நூறுக்கு மேல். வாடை வந்தால் இரண்டு கிராமுக்கு இறங்குவது, போகவில்லையென்றால் நிறுத்துவது. கர்ப்பம் உறுதியானால் அன்றே நிறுத்துவது. கர்ப்ப காலத்தில் இந்த அளவைத் தொடரப் போதிய சான்றில்லை.

கணவரின் எண்ணிக்கையை வைத்து, அடுத்த சுழற்சியிலிருந்து அதே 5 மி.கி.யோடு கருப்பைக்குள் விந்து செலுத்தும் ஐ.யூ.ஐ. திட்டமிடப்பட்டுள்ளது; மூன்று முறைக்கு மேல் நீட்டாமல் மறுபடி யோசிப்பது என்று இருவரிடமும் பேசியாகிவிட்டது. மனைவியின் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு குறிப்புகள். சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு விழுந்தால், மருத்துவரைப் பார்க்கும் நாளுக்குக் காத்திராமல் தைராக்சினை வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூட்டிக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தை உறுதிசெய்யும் பீட்டா எச்.சி.ஜி.க்கு ரத்தம் கொடுக்கப் போகும் முன், முடிக்காக மறுபடி பயோட்டின் எதுவும் தொடங்கவில்லையே என்று கேட்க வேண்டும்.